மெமரி கார்ட் வாங்குவதில் நியாயம் பார்ப்பது வீண்வேலையா?

கொழும்பில் கமராவும் கணினிப் பாகங்களும் வாங்க விரும்புவோர் வழக்கமாகச் சென்றடையும் பம்பலப்பிட்டியில், யூனிட்டி பிளாசாவின் மாடிகளிலும் காலி வீதியோரக் கடைகளிலும், மெமரி கார்ட் எனப்படும் நினைவக அட்டையைப் பற்றி விற்பவரிடமும் வாங்குபவரிடமும் ஒரே கருத்து நிலைபெற்றிருக்கிறது. அட்டை கமராவுக்குப் பொருந்த வேண்டும், கொள்ளளவு போதியதாக இருக்க வேண்டும், விலை குறைவாக இருக்க வேண்டும். இவற்றுக்கு அப்பால் அந்தச் சிறு பொருளில் ஆராய்வதற்கு எதுவுமில்லை என்பதே அக்கருத்து. பிரதி எடுப்பதைத் தடுக்கும் பூட்டு ஒன்று அதனுள் பதிக்கப்பட்டிருக்கிறது என்று எவரேனும் சுட்டிக்காட்டினால் அதற்கும் மூன்று விடைகள் ஆயத்தமாக உள்ளன. அந்தப் பூட்டு ஒளிப்படங்களைத் தொடுவதேயில்லை, ஆகவே எவருக்கும் நட்டமில்லை என்பது முதலாவது. களவுப் பிரதிகளில் படம் பார்த்தும் பாட்டுக் கேட்டும் பழகிய சமூகத்துக்குப் பிரதித் தடையைப் பற்றி நியாயம் பேச அருகதையில்லை என்பது இரண்டாவது. உலகச் சந்தையில் கணக்கிலேயே வராத இலங்கைப் பாவனையாளர் எதை வாங்கினாலும் வாங்காவிட்டாலும் யப்பானிலும் அமெரிக்காவிலும் எடுக்கப்படும் தீர்மானங்கள் மாறப்போவதில்லை என்பது மூன்றாவது. ஒவ்வொன்றிலும் ஓரளவு உண்மை கலந்திருப்பதாலேயே இவை எளிதில் நம்பப்படுகின்றன. ஆயினும் அந்த உண்மைகளிலிருந்து பெறப்படும் முடிவு, அதாவது அட்டை வாங்குவதில் நியாயம் பார்ப்பது வீண்வேலை என்ற முடிவு, பிழையானது.

இன்று பெரும்பாலான கமராக்களில் பயன்படும் எஸ்டி அட்டையை 1999 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் மற்சுஷிட்டா (இன்றைய பனசொனிக்), சன்டிஸ்க், தோஷிபா ஆகிய மூன்று நிறுவனங்கள் கூட்டாக அறிவித்தன. அதன் தரவிதிகளைப் பேணும் எஸ்டி அசோசியேஷன் என்ற கூட்டமைப்பு 2000 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் உருவாயிற்று. எம்பி3 வடிவப் பாடல்கள் இணையத்தில் பரவுவதைக் கண்டு அஞ்சிய இசைப்பதிவு நிறுவனங்கள், தொழினுட்ப நிறுவனங்களையும் சேர்த்துக்கொண்டு, 1998 இறுதியில் எஸ்டிஎம்ஐ என்னும் எண்ணிம இசைப் பாதுகாப்பு முன்னெடுப்பைத் தொடங்கியிருந்த காலம் அது. அம்முன்னெடுப்பின் நிபந்தனைகளுக்கு இசைவாக அமைக்கப்பட்டமை, எஸ்டி அட்டையை அதற்கு முந்தைய மல்டிமீடியா கார்டிலிருந்து வேறுபடுத்தும் முக்கிய கூறுகளில் ஒன்றாகும். அட்டையின் விளிம்பில் நகத்தால் நகர்த்தக்கூடிய சிறு தாழ்ப்பாளை இந்தப் பூட்டோடு பலர் குழப்பிக்கொள்வதுண்டு. அத்தாழ்ப்பாள் படங்கள் தவறுதலாக அழிபடாதிருக்க உதவும் ஒரு சைகை மட்டுமே, அதற்கும் பிரதித் தடைக்கும் தொடர்பில்லை.

இங்கு பேசப்படும் பூட்டின் பெயர் சிபிஆர்எம். பதிவுசெய்யத்தக்க ஊடகங்களுக்கான உள்ளடக்கப் பாதுகாப்பு என்பது அதன் விரிவு. ஐபிஎம், இன்டெல், மற்சுஷிட்டா, தோஷிபா ஆகிய நான்கும் சேர்ந்து நிறுவிய ஃபோர்சி என்ற அமைப்பே அதற்கு உரிமம் வழங்கியது. மாற்றமுடியாத தனி அடையாளம் ஒன்றும், உரிமம் பெற்ற சாதனங்களின் சாவிகளால் மட்டும் விடுவிக்கத்தக்க சாவித்தொகுதி ஒன்றும், அட்டையும் சாதனமும் ஒன்றையொன்று உறுதிப்படுத்திக்கொண்ட பின்னரே திறக்கும் மறைவான சேமிப்புப் பகுதி ஒன்றும் இம்முறையின் உறுப்புகள். பூட்டப்பட்ட பாடல் குறிப்பிட்ட அட்டையின் அடையாளத்தோடு பிணைக்கப்படுவதால், கோப்பை வேறோர் அட்டைக்கு மாற்றினாலும் அது ஒலிக்காது. ஒரு சாதனத்தின் சாவியைச் செல்லாததாக்க உரிமம் வழங்கும் அமைப்பு முடிவுசெய்தால், அதற்குப் பின் புதிய சாவித்தொகுதியுடன் வெளிவரும் அட்டைகளில் பூட்டப்பட்ட பாடலை அச்சாதனத்தால் திறக்க இயலாது. காசு கொடுத்து வாங்கிய பொருளின் ஆற்றலை, வாங்கியவரின் அறிவோ சம்மதமோ இன்றிக் குறைக்கும் அதிகாரம், அவர் பெயரைக்கூட அறியாத ஓர் அமைப்பின் கையில் இருக்கும்படி இம்முறை வகுக்கப்பட்டது.

இந்தப் பூட்டு ஒளிப்படக் கலைஞரின் படங்களைத் தொடுவதில்லை என்பது முற்றிலும் உண்மை. கமரா எடுக்கும் படங்கள், 1998 இல் யப்பானியத் தொழில்துறை வகுத்த பொதுக் கோப்பமைப்பு விதிப்படி, டிசிஐஎம் என்ற திறந்த கோப்புறையில் எவரும் வாசிக்கத்தக்க ஜேபெக் கோப்புகளாகச் சேமிக்கப்படுகின்றன. வெள்ளவத்தையில் எடுத்த திருமணப் படத்தை ரொறன்ரோவில் உள்ள உறவினர் எந்தக் கணினியிலும் திறக்கலாம், எத்தனை பிரதியும் எடுக்கலாம். ஆகவே பூட்டு உறங்குகிறது என்ற கூற்றை மறுப்பதற்கில்லை. மறுக்கப்பட வேண்டியது, அது தன் இயல்பினாலேயே உறங்குகிறது என்ற ஊகம்.

பூட்டை வடிவமைத்தவர்கள் அதை அட்டைகளோடு நிறுத்திக்கொள்ள எண்ணியிருக்கவில்லை. 2000 ஆம் ஆண்டின் இறுதியில், கணினி வன்தட்டுகளுக்கான பொதுத் தரவிதியிலேயே சிபிஆர்எம் கட்டளைகளைச் சேர்க்க வேண்டும் என்ற முன்மொழிவு, அத்தரவிதியைப் பேணும் குழுவின் முன் வைக்கப்பட்டது. கழற்றி மாட்டத்தக்க சேமிப்பகங்களே தங்கள் இலக்கு என்று முன்மொழிந்தோர் விளக்கமளித்தபோதும், கணினியின் உரிமையாளர் தன் வன்தட்டிலுள்ள கோப்பைத் தானே பிரதிசெய்ய இயலாத நிலைக்கு அது வழிதிறக்கும் என்று பொறியியலாளர்களும் பயன்படுத்துநர்களும் கடுமையாக எதிர்த்தனர். 2001 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் முன்மொழிவு மீளப்பெறப்பட்டது. அதே காலப்பகுதியில், பாடல்களில் மறைவாகப் பதிக்கப்படும் அடையாளக் குறிகளை முடிந்தால் அகற்றிப் பாருங்கள் என்று எஸ்டிஎம்ஐ அமைப்பினர் 2000 செப்ரெம்பரில் விடுத்த சவாலை ஏற்ற பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் எட்வர்ட் ஃபெல்டனின் குழு அவற்றின் பலவீனத்தைக் காட்டிற்று. அந்த ஆய்வுக் கட்டுரையை 2001 ஏப்ரலில் வாசிக்கவிடாமல் சட்ட அச்சுறுத்தல் தடுத்தது. பொதுக் கண்டனம் எழுந்த பின்னர், அதே ஆண்டு ஓகஸ்டில் அது வாசிக்கப்பட்டது. எஸ்டிஎம்ஐ முன்னெடுப்போ 2001 இலேயே செயலற்றுப்போயிற்று.

ஒளிப்படத் துறையையும் பூட்டுகள் நெருங்காமல் விட்டுவிடவில்லை. 2005 ஆம் ஆண்டில் நைக்கன் நிறுவனத்தின் டி2எக்ஸ் கமரா, பதப்படுத்தப்படாத மூலப்படக் கோப்பில் வெண்சமநிலைத் தகவலை, அதாவது வெளிச்சத்தின் நிறத்துக்கேற்பப் படத்தின் நிறங்களைச் சீர்செய்யும் அளவீட்டை, மறையாக்கம் செய்து சேமித்தமை தெரியவந்தது. படத்தை எடுத்தவர் ஒளிப்படக் கலைஞரே; கமராவுக்குப் பணம் செலுத்தியவரும் அவரே; இருந்தும் அப்படத்தின் ஒரு பகுதித் தகவலை முழுமையாகப் பயன்படுத்த நிறுவனம் அனுமதித்த மென்பொருளை அவர் நாட வேண்டியிருந்தது. ஃபோட்டோஷொப் மென்பொருளைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரான தோமஸ் நோல் இதை வெளிப்படையாகக் கண்டித்தார்; டேவ் கொஃபின் என்ற நிரலாளர் மறையாக்கத்தை விடுவித்துத் தம் திறந்த மென்பொருளில் சேர்த்தார். சோனி நிறுவனம் 1998 இல் தனக்கென வகுத்த மெமரி ஸ்ரிக் அட்டையும், ஒலிம்பஸும் ஃபுஜிஃபில்மும் 2002 இல் கொண்டுவந்த எக்ஸ்டி அட்டையும், ஒற்றை வழியில் பாவனையாளரைக் கட்டிப்போடும் முயற்சிகளாகவே அமைந்தன. பலரும் உற்பத்தி செய்யும் பொது அட்டையையே வாங்குவோர் விரும்பியதால் எக்ஸ்டி வழக்கொழிந்தது, சோனியும் 2010 இல் எஸ்டி அட்டைகளை ஏற்கத் தொடங்கியது.

இவ்வரலாற்றிலிருந்து பெறப்படுவது ஒன்றே: பூட்டு இன்று எவரையும் தொல்லைப்படுத்தவில்லை என்றால், தொல்லைப்படுத்த முயன்ற ஒவ்வொரு முறையும் சிலர் எதிர்த்தார்கள், பலர் வாங்க மறுத்தார்கள் என்பதே அதன் காரணம். எதிர்ப்பினால் விளைந்த தீங்கின்மையை எடுத்துக்காட்டி எதிர்ப்பே தேவையற்றது என்று வாதிடுவது, விளைவைக் கொண்டு காரணத்தை மறுக்கும் தருக்கப் பிழையாகும். எதிர்ப்பு வலுவாக எழாத இடத்தில் என்ன நேரும் என்பதற்கு யப்பானே சான்று. அங்கு எண்ணிமத் தொலைக்காட்சிக்கு 2004 இல் ஒருமுறை மட்டும் பதிவு என்ற விதி வந்தது. 2006 இல் கைப்பேசிகளுக்கான ஒன்செக் ஒளிபரப்பு தொடங்கியபோது, எஸ்டி அட்டையில் பதிவான நிகழ்ச்சிகள் சிபிஆர்எம் முறையில் பூட்டப்பட்டன. பம்பலப்பிட்டியில் உறங்கும் பூட்டு தோக்கியோவில் விழித்தே இருந்தது. ஒளிபரப்பு விதியையும் சாதனத்தின் நிரலையும் மாற்றினால் அது எங்கும் விழிக்கும். அட்டையை மாற்ற வேண்டிய தேவையே இல்லை.

இரண்டாவது விடை, களவுப் பிரதி நிறைந்த சந்தைக்கு நியாயம் பேசும் அருகதையில்லை என்பது, இரு வேறு செயல்களை ஒன்றாக்குவதால் தோன்றும் மயக்கம். பிறர் உழைப்பை விற்று இலாபமீட்டுவது வேறு. தன்னுடையதைத் தானே பிரதிசெய்து பாதுகாப்பது வேறு. இலங்கைச் சட்டம் இந்த வேறுபாட்டை அறிந்திருக்கிறது. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் பதிப்புரிமையைப் பாதுகாக்கும் அதேவேளை, நியாயமான பயன்பாட்டுக்கும் இடமளிக்கிறது. சட்டபூர்வமாகப் பெற்ற ஒரு படைப்பின் பிரதியிலிருந்து, சில விதிவிலக்குகளுக்குட்பட்டு, ஒருவர் தன் சொந்தத் தேவைக்கென ஒரு பிரதி எடுத்துக்கொள்ளலாம். பூட்டுக்கு இந்த வேறுபாடு தெரியாது. திருடனையும் உரிமையாளரையும், வியாபாரியையும் மாணவரையும் அது ஒரே கண்ணால் பார்க்கிறது. நாடாளுமன்றம் வழங்கிய உரிமையை ஒரு தனியார் உரிம ஒப்பந்தம் சத்தமின்றிப் பறித்துக்கொள்ள அது வழிசெய்கிறது.

கொழும்புத் தமிழருக்கு இவ்வுரிமை வெறும் சட்டப் பொழுதுபோக்கு அன்று. 1981 ஆம் ஆண்டு மே இறுதியில் தொடங்கிய வன்முறையில் எரியூட்டப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன. வேறெங்கும் பிரதி இல்லாதிருந்தவை மீளவே இல்லை. 1983 யூலையில் வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் எரிந்த வீடுகளோடு குடும்பங்களின் படத்தொகுப்புகளும் போயின. 2005 இல் தொடங்கப்பட்ட நூலகம் என்னும் எண்ணிம நூலகத் திட்டம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் பிரதிசெய்து இணையத்தில் பேணிவருவது, பிரதியே அழிவுக்கு எதிரான காப்பு என்ற பட்டறிவின் விளைவு. ஒற்றைப் பிரதியோடு அழிந்த வரலாற்றை உடைய சமூகத்துக்கு, பிரதி எடுத்தல் என்றதும் களவு என்றே எண்ணத் தூண்டும் பேச்சு பொருந்தாது. அருகதை யாருக்கு உண்டு என்று கேட்பதானால், இச்சமூகத்துக்கே முதலில் உண்டு.

படைப்பாளியின் நலனுக்காகவே பூட்டு என்ற வாதமும் இங்கு நிலைக்காது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் திருமணத்தையும் பூப்புனித நீராட்டு விழாவையும் கோயில் தேரையும் படமெடுக்கும் கலைஞர்கள் ஒவ்வொருவரும் சட்டப்படி படைப்பாளிகளே. அவர்களுடைய படங்கள் முகநூலிலிருந்து எடுக்கப்பட்டுப் பெயரில்லாமல் விளம்பரங்களில் பயன்படுத்தப்பட்டால், அவர்கள் கமராவிலிருக்கும் அட்டையின் பூட்டு எதையும் தடுப்பதில்லை. அவர்களுக்காக அது வடிவமைக்கப்படவே இல்லை. அவர்கள் வாங்கும் அட்டையினுள் காவல் நிற்பது பிறருடைய பாட்டுக்கு. அந்தப் பாட்டையேனும் அது காத்ததா என்றால் அதுவும் இல்லை. கைப்பேசி அட்டையில் பாட்டுகளை நிரப்பித் தரும் சிறு கடைகள் இந்தியாவிலும் இலங்கையிலும் பெருகியபோது, பூட்டப்படாத எம்பி3 கோப்புகள் அதே அட்டையின் திறந்த பகுதியில் தடையின்றி ஏறின. காக்க வேண்டியதைக் காக்காத பூட்டுக்கு நியாயம் கற்பிப்பது எளிதன்று.

இதைவிடக் கூர்மையான முரண்பாடு போலி அட்டைகளில் வெளிப்படுகிறது. உலகின் பல சந்தைகளைப் போலவே கொழும்பிலும் வாங்குவோர் அஞ்சும் தீங்கு, 8 ஜிகாபைட் அட்டை 64 என்ற அச்சோடு விற்கப்படுவது. அட்டை ஒரு சடப்பொருள் அன்று. அதனுள் சிறு கட்டுப்படுத்திக் கணினி ஒன்று இருக்கிறது, தன் கொள்ளளவு எவ்வளவென்று கமராவுக்குச் சொல்வது அதுவே. அதன் நிரலை மாற்றினால் அட்டை பொய் சொல்லும். உண்மையான எல்லை கடந்ததும் புதிய படங்கள் பழையவற்றின் மேல் எழுதப்படும் அல்லது எங்கும் எழுதப்படாமலே போகும், கமராவின் திரையிலோ எல்லாம் ஒழுங்காக நடப்பதாகவே தெரியும். அன்ட்ரூ ஹுவாங் என்ற வன்பொருள் ஆய்வாளர் தம் நிறுவனத்தின் உற்பத்தியில் பழுதான அட்டைகள் வந்ததையடுத்து, சீனாவின் சென்சென் சந்தையில் வாங்கிய மாதிரிகளைப் பிரித்துப் பார்த்து 2010 இல் எழுதினார். 2013 டிசெம்பரில் ஹம்பேர்க்கில் நடந்த மாநாட்டில், கட்டுப்படுத்தியின் நிரலை வெளியார் மாற்ற இயலும் என்பதைச் சக ஆய்வாளரோடு சேர்ந்து செய்துகாட்டினார். பாடலின் உரிமையாளருக்காக அட்டையும் சாதனமும் ஒன்றையொன்று சோதித்துக்கொள்ள நுட்பமான ஏற்பாடு உண்டு. தாலி கட்டும் காட்சியை அந்த அட்டையை நம்பிப் பதிவுசெய்பவருக்கு, அட்டையின் உண்மையைச் சோதிக்க உற்பத்தியாளர் தரும் அத்தகைய ஏற்பாடு பொதுவாக இல்லை. பாதுகாப்பு யாருக்காக என்ற கேள்வியை எழுப்ப இதைவிட வேறு நியாயம் தேவையில்லை.

மூன்றாவது விடை எண்ணிக்கையை வலிமையாக எண்ணி மயங்குகிறது. வன்தட்டு முன்மொழிவைத் திருப்பியனுப்பியது விற்பனைச் சரிவு அன்று, அதன் பொருளை விளங்கிக்கொண்டவர்களின் குரல். மூலப்பட மறையாக்கத்தை விடுவித்தவர் ஒரு தனிமனிதர். சிறிய சந்தையிலும் கொள்வனவு தனித்தனியாக மட்டும் நடப்பதில்லை. படப்பிடிப்பு நிலையங்களும் பாடசாலைகளும் அச்சகங்களும் ஆவணக் காப்பகங்களும் தொகையாக வாங்குகின்றன. அவை எதைக் கேட்கின்றனவோ அதையே கடைக்காரர் வருவிக்கிறார், கடைக்காரர் கேட்பதையே இறக்குமதியாளர் கொண்டுவருகிறார். தோக்கியோவின் தீர்மானத்தை மாற்ற இயலாதவருக்கும் தம் கடைவீதியின் வழக்கத்தை மாற்ற இயலும்.

இதற்கு மறுபுறமாக, பூட்டுள்ள அட்டையை அடியோடு விலக்க வேண்டும் என்ற தூய்மைவாதமும் ஏற்கத்தக்கதன்று. எஸ்டி அட்டையைத் தவிர்ப்பவருக்கு இன்று எஞ்சுவன விலையுயர்ந்த தொழில்முறைக் கமராக்களுக்கான சிஎஃப்எக்ஸ்பிரஸ் போன்ற அட்டைகளும் பழைய கமராக்களின் கொம்பெக்ட் ஃபிளாஷும் மட்டுமே. 2022 இல் ரூபாயின் வீழ்ச்சியோடு இறக்குமதிப் பொருள்களின் விலை எகிறியதை அனுபவித்த நாட்டில், நியாயம் என்பது வசதி படைத்தோரின் அலங்காரமாகிவிடும். வாங்க மறுக்க இயலாத பொருளை எப்படி வாங்குவது என்பதே உண்மையான கேள்வி.

படங்களைத் திறந்த, ஆவணப்படுத்தப்பட்ட வடிவங்களில் சேமிக்கும் கமராவையும், ஒரே நிறுவனத்தின் அட்டையை மட்டும் ஏற்காத கமராவையும் தேர்வது அக்கேள்விக்கான விடையின் முதற்கூறு. கோப்பமைப்பும் கவனிக்கத்தக்கது: 32 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட எஸ்டிஎக்ஸ்சி அட்டைகள் 2009 இல் அறிவிக்கப்பட்டபோது மைக்ரோசொஃப்டின் காப்புரிமைக்குட்பட்ட எக்ஸ்ஃபாற் அமைப்பே அவற்றுக்கு விதிக்கப்பட்டது, அந்நிறுவனம் 2019 இல் அதன் விவரக்குறிப்பை வெளியிடும்வரை, லினக்ஸ் போன்ற திறந்த இயங்குதளங்களைப் பயன்படுத்துவோர் பத்தாண்டுகள் இடர்ப்பட்டனர். தரவிதி என்ற பெயரோடு வருவது எல்லாருக்கும் திறந்ததாக இருக்கும் என்று கொள்வதற்கில்லை என்பதை இது உணர்த்துகிறது. பற்றுச்சீட்டும் உத்தரவாதமும் தரும் விற்பனையாளரிடமே அட்டையை வாங்கி, எஃப்3, எச்2டெஸ்ட்டபிள்யூ போன்ற இலவச மென்பொருள்களால் முழுக் கொள்ளளவையும் எழுதி வாசித்துச் சோதித்த பின்னரே நிகழ்வுக்கு எடுத்துச் செல்வது, விலையைக் குறைக்கப் போலியோடு உடன்படும் வழக்கத்தை முறிக்கும். அந்த வழக்கத்தால் இழப்பவர் வாங்கியவர் மட்டுமல்லர், நேர்மையாக விற்கும் பக்கத்துக் கடைக்காரரும்தான். எடுத்த படங்களை அட்டையோடு விட்டுவிடாமல் வேறு சேமிப்பகங்களுக்கும் வேறு ஊர்களுக்கும் பிரதிசெய்வது, சட்டம் தந்த உரிமையைப் பயன்படுத்திக்கொண்டே காப்பதாகும்.

பொருந்தினால் போதும் என்ற கருத்து நடைமுறை அறிவு அன்று. பிறர் நடைமுறையில் போராடிப் பெற்றுத் தந்ததை இலவசமாக அனுபவித்துக்கொண்டு அப்போராட்டத்தை ஏளனம் செய்வது. அட்டையில் நியாயம் பார்க்க வேண்டியதில்லை என்பவர், தம் படங்களைத் தாமே பிரதிசெய்ய இன்றும் இயல்வது எவ்வாறு என்ற கேள்விக்கு விடை சொல்லக் கடமைப்பட்டவர். அந்த விடையை அவர் தேடத் தொடங்கினால், கடை முகப்பில் அட்டையின் விலையை மட்டும் கேட்டுவிட்டு நிற்க அவரால் இயலாது.